அம்புக்கு நேரம் கிடையாது

கல்லுக்குட்டைக் கைப்பம்பில் தோல் வாசர் தேய்ந்துபோனது எண்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு வளையம். அது தேய்ந்துவிட்டால் கைப்பிடியை எத்தனை தரம் அடித்தாலும் குழாய் கொட்டாவி விடுமே தவிர ஒரு சொட்டு வராது. ஏரியூருக்கு அந்தப் பக்கம் நாற்பது வீடுள்ள அந்த ஊருக்கு அதை விட்டால் இரண்டு மைல் தள்ளி ஒரு கிணறுதான். மழை ஏமாற்றிய அந்த வருஷத்தில் கிணற்றிலும் பாறை தெரிந்தது.

மற்றவர்களுக்குப் போனது தண்ணீர் மட்டும். சவுரியப்பனுக்குக் கல்யாணமே போய்விடும் போலிருந்தது.

சவுரியப்பனுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு ஏக்கர் ராகிக் காடு, ஒரு ஜோடி எருது, ராயம்மாள் என்கிற அம்மா, அவ்வளவுதான் அவன் சொத்தும் சுற்றமும். நான்கு வருஷமாகப் பெண் பார்த்து அலுத்துப்போய், கடைசியில் மொரப்பூரில் தூரத்து மாமன் முறையாகும் ஞானராஜின் மகள் ஞானமேரி அமைந்தாள். தையல் மெஷின் வைத்திருக்கிற பெண். பேச்சு கத்தரி மாதிரி நறுக்கென்று இருக்கும். பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "மாமா சட்டையில ரெண்டு பட்டன் வேற நெறத்துல இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போனாள். அன்றிலிருந்து சவுரியப்பனுக்குத் தூக்கம் பாதியாகிவிட்டது.

பம்பு நின்ற சேதி மொரப்பூருக்கு எட்டியதும் ஞானராஜ் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார்.

"தண்ணி இல்லாத ஊருக்குப் பொண்ணக் குடுத்தா, அவ குடும்பம் பண்ணுவாளா, கொடம் தூக்குவாளா? பம்புல தண்ணி வரட்டும், ஈஸ்டர் கழிஞ்ச ஞாயித்துக்கெழம ஓல படிக்கச் சொல்லிடறன். வரலீன்னா என்மேல வருத்தப்படக் கூடாது. இங்க ரயில்வேல கேங்மேன் ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்கறாரு. கோட்ரஸ் குடுத்திருக்காங்க. கோட்ரஸ் உள்ளாறயே கொழா இருக்குது."

ஓலை என்பது கோயிலில் மூன்று ஞாயிறு மணமக்கள் பேரை வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கிற வழக்கம். தவக்காலத்தில் அந்தப் பேச்சே கிடையாது. ஆக, சவுரியப்பனுக்குக் கெடு ஈஸ்டர்வரை.

அவன் நேரே பம்பு மெக்கானிக் சென்றாயனிடம் போனான். சென்றாயன் பக்கத்து ஊர்க்காரர், நல்ல மனுஷர். பம்பைத் திறக்காமலேயே, கைப்பிடி ஆடுகிற சத்தத்தை வைத்தே வியாதியைச் சொல்லிவிட்டார்.

"தோலு போயிருச்சு. புதுசு ஒண்ணு வந்தா ஒன்ற மணி நேர வேல."

"செருப்புத் தோல வெட்டிப் போட முடியாதுங்களா?"

"போன வருஷம் வேற ஊருல போட்டன். தண்ணியும் வந்துச்சு, மெமோவும் வந்துச்சு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க தம்பி. நீ மொறப்படி வாசரக் கொண்டா, ஓடி வந்து போட்டுத் தரன்."

முறைப்படி என்பதில்தான் சங்கதி இருந்தது. கைப்பம்பில் தரைக்கு மேலே இருப்பதெல்லாம் கைப்பம்புப் பராமரிப்புக் கழகத்துக்குச் சொந்தம். தரைக்குக் கீழே இருப்பதெல்லாம் ஆழ்துளை மேற்பார்வை வாரியத்துக்குச் சொந்தம். வாசர் இருப்பது தரைக்குக் கீழே. அதை ஆட்டுகிற கைப்பிடி இருப்பது தரைக்கு மேலே. தேய்ந்தது கீழே இருந்ததாலா, மேலே ஆட்டியதாலா என்று இரண்டு பேரும் ஆறு வருஷமாகக் கடிதத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் தர்மபுரியில் ஒரு மாடியில், இரண்டுக்கும் பொதுவாக, கூட்டு நடைமுறை வரைபட மையம் என்று ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். ஆக, இரண்டு அலுவலகம் செய்யாத வேலையைச் செய்ய மூன்று அலுவலகம் ஆயிற்று.

மையத்தின் அதிகாரி குப்புராஜ் ஐதராபாத்தில் ஆறு வாரம் பயிற்சி பெற்று வந்தவர். அவர் அறையில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டி, அதில் வட்டம் வட்டமாகப் போட்டு, வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே அம்புக்குறி இழுத்திருந்தது. சவுரியப்பன் அதை முதலில் கோலம் என்று நினைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றான்.

"இது என்ன தெரியுதா?" என்றார் குப்புராஜ். "ஒரு வாசர் மாத்தறதுக்கு இந்த இரண்டு நிறுவனமும் சேர்ந்து செய்யற மொத்த வேலை. ஏழு வட்டம், ஏழு வேலை. ஒவ்வொரு வட்டத்துக்கும் எத்தனை நாள்னு விஞ்ஞானபூர்வமா கணக்குப் போட்டு எழுதப் போறோம். முன்னெல்லாம் ஒரு வேலை ஏன் தாமதமாச்சுன்னு யாருக்கும் தெரியாது. இனிமே எத்தனை நாள் தாமதமாகும்னு முன்கூட்டியே துல்லியமா சொல்லிடுவோம். இதைவிட ஜனங்களுக்கு வேற என்ன வேணும்?"

"தண்ணி வேணும்ங்க சார்."

"அது இதுல வராது. ஏழாவது வட்டம் கோப்பு முடித்தல். அதோட சரி."

அன்றைக்கு மூன்றாம் வட்டத்துக்குக் கணக்குப் போடுகிற நாள். மூன்றாம் வட்டம் பாலக்கோட்டில் இருந்த உதிரிபாகக் கிடங்கு. கிடங்குக்காரர் மாதுவைத் தர்மபுரிக்கு வரவழைத்திருந்தார்கள். வாசர் பாலக்கோட்டில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் தர்மபுரியில் உட்கார்ந்து, அதை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு வேலைக்கும் மூணு நேரம் கேக்கணும்னு முறை," என்றார் குப்புராஜ். "எல்லாம் நல்லபடியா நடந்தா ஒரு வாசர் எடுத்துத் தர எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நிமிசம்ங்க. அலமாரியிலதான் இருக்குது."

"வழக்கமா?"

"பதினொரு நாளு."

"கெட்டதா நடந்தா?"

மாது மோவாயைச் சொறிந்தார். "நான் ரிட்டயர்டு ஆகறதுக்குள்ள குடுத்துருவன் சார். இன்னும் நாலு வருசம் சர்வீஸ் இருக்குதுங்க."

குப்புராஜ் நாலு வருஷத்தை நாளாக்கி, வழக்கமானதை நாலால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி ஆறால் வகுத்தார். இருநூற்றைம்பது நாளுக்கு மேல் வந்தது. முகம் சுளித்தார். மேலிடத்தில் காட்டுகிற படம் இது, நன்றாக இருக்காது. கெட்டதை ஐம்பத்தெட்டு நாள் என்று திருத்தினார்.

"அது என்னங்க சார் அம்பத்தெட்டு?" என்றார் மாது.

"அப்பத்தான் ஆறால வகுபடுது. பதினேழு நாள். சுத்தமா வருது பார்த்தீங்களா? கணக்குன்னா இதுதான்."

இப்படி ஏழு வட்டமும் சேர்ந்து நாற்பத்தொரு நாள் என்று முடிவாயிற்று. சவுரியப்பன் விரல் விட்டு எண்ணினான். ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்னாலேயே வந்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் அந்தத் தாளைக் கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் ஒரு சந்தேகம்.

"இதுல நான் எங்கீங்க சார் இருக்கறன்?"

"நீங்க ஏன் இருக்கணும்?"

"இல்லீங்க, இந்தக் காயிதம் ஏரியூர்லருந்து இங்க வரணும். இங்கருந்து பாலக்கோடு, மறுபடி இங்க கையெழுத்து, அப்பறம் மொரப்பூர் ஜீப் ஆபீசு. யாரு கொண்டாறதுங்க?"

"அதுக்குத்தான் அம்புக்குறி போட்டிருக்கே."

"அம்புக்கு எத்தன நாளுங்க?"

குப்புராஜ் பரிதாபமாகப் பார்த்தார். "வட்டத்துக்குத்தான் நேரம். அம்புக்கு நேரம் கிடையாது. உலகம் பூராவும் இப்படித்தான்."

உலகம் பூராவும் அப்படி இருக்கலாம். ஏரியூர் பஸ் அப்படி இல்லை. காலை பஸ் நல்ல நாளிலேயே ஏழரைக்கு வரும், டயர் போனால் வராது. பென்னாகரத்தில் இறங்கி நின்று, தர்மபுரி போய், பாலக்கோட்டு பஸ்ஸுக்கு ஓடி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்று கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தால் மணி மூன்றேகால். மாது மூன்று மணிக்கு மேல் தபால் வாங்க மாட்டார். எருதுகள் கொட்டகையில் கத்திக்கொண்டு கிடந்தன. சவுரியப்பன் அம்பாகி அலைந்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நீட்டினான். மாது காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தர்மபுரியில அனுப்புன தேதி நாலு. இங்க வந்த தேதி அஞ்சு. நடுவுல ஒரு நாளு எங்க போச்சு?"

"பஸ்சுல போச்சுங்க."

"படத்துல அம்புக்கு சைபர்தான போட்டிருக்குது? ஒரு நாளு கணக்குல இடிக்குதே. எனக்குத் தணிக்கை வரும் சாமி. அந்த ஒரு நாளு நீங்க எங்க இருந்தீங்கன்னு ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துருங்க."

சவுரியப்பன் எழுதிக் கொடுத்தான். 'நேற்று மூன்றேகாலுக்கு உங்கள் வாசலில்தான் இருந்தேன்' என்று எழுதினான். அதை ஏற்பதா என்று முடிவு செய்ய ஐந்து நாள் ஆனது. பிறகு வாசருக்கு அனுமதி எழுதினார்கள். வாசரைக் கையில் கொடுக்கவில்லை. பொருள் ஜீப்பில்தான் வர வேண்டும். அது ஐந்தாம் வட்டம். அலமாரியில் இருந்த வாசரை மாது எடுத்துக் காட்டினார், பாவம். கறுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு இருந்தது. சவுரியப்பன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மொரப்பூர் ஜீப் ஆபீஸ் ஞானராஜின் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருந்தது. அவன் காகிதத்தோடு போனபோது குமாஸ்தா கை கழுவப் போயிருந்தார். மேசையின் மேல் வைத்துவிட்டு ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்த்தான். சன்னலுக்குள் ஞானமேரி மெஷின் மிதித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கால் நின்றது.

"என்னா மாமா, தண்ணி வந்துருச்சா?"

"இப்பத்தான் அஞ்சாவது வட்டத்துக்கு வந்திருக்கறன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு பழைய தகர டப்பாவைத் துழாவி, அவன் சட்டை நிறத்தில் ஒரு பட்டனை எடுத்து, சன்னல் வழியே நீட்டினாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இன்னொரு வருஷம் அம்பாக இருக்கலாம் என்று சவுரியப்பனுக்குத் தோன்றியது.

திரும்பி வந்தால் குமாஸ்தா கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "தபால் வந்தப்ப வட்டத்துல ஆள் இல்ல. ஆள் இல்லாத வட்டத்துக்கு வந்த தபால் ஒண்ணாம் வட்டத்துக்குத் திரும்பணும். விதி பதிமூணு."

"நீங்கதான சார் இல்ல! நான் என்னா பண்ணட்டும்?"

"நான் இல்லாததுக்கு நான் வருத்தப்படறன். விதி வருத்தப்படாது."

மறுபடி ஏரியூர். மறுபடி தர்மபுரி. தவக்காலம் பாதி கழிந்தது. ராயம்மாள் சாம்பல் புதனில் ஆரம்பித்த ஒருசந்தி நோன்பை நிறுத்தவேயில்லை. குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் எதைச் சமைப்பது என்றாள். குடம் சுமந்து சுமந்து அவள் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. சவுரியப்பனுக்கு இரவில் படுத்தால் கால் மட்டும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் குப்புராஜ் ஆய்வுக் கூட்டம் போட்டார். எல்லா வட்டத்திலும் பச்சைப் பென்சில். யாரும் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஆனால் வேலை பாதிகூட முடியவில்லை.

"ஆக, தாமதம் எங்கே இருக்கு?" என்று அவர் கேட்டுக்கொண்டு தானே பதிலும் சொன்னார். "வட்டத்தில் இல்லை என்று நிரூபணமாகிவிட்டது. அப்படியானால் அம்பில்தான் இருக்க வேண்டும். நிர்வாகம் சரியாக இருக்கிறது. இந்தப் பொதுஜனம்தான் மெதுவாக இருக்கிறது."

பொதுஜனத்தை அளக்கத் தீர்த்தம்மாள் என்கிற தட்டச்சர் நியமிக்கப்பட்டாள். கழுத்தில் ஸ்டாப் வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு, சவுரியப்பனோடு இரண்டு நாள் பஸ்ஸில் போனாள். அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு ஒன்றையும் விடாமல் எழுதினாள். டீ குடித்தது, ஆறு நிமிடம், தேவையற்றது. சில்லறைக்கு நின்றது, நாலு நிமிடம். வானத்தைப் பார்த்தது, இரண்டு நிமிடம், காரணம் சொல்லவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணா," என்றாள் இறங்கும்போது. "எழுதலன்னா என்னை எடுத்துருவாங்க."

அவள் அறிக்கையைப் படித்த குப்புராஜுக்கு ஞானோதயம் உண்டாயிற்று. அம்புக்கு நேரம் கொடுக்க முடியாது. ஆனால் அம்பாக இருக்கிறவனை வட்டமாக்கிவிடலாமே. சவுரியப்பனைக் கூப்பிட்டு உட்காரவே வைத்தார்.

"உங்களைக் கௌரவப்படுத்தப் போறோம். இனிமே நீங்க வட்டம். பம்படியில பொருளைப் பெற்றுக்கொள்ளும் முனை. ஆறாவதாத்தான் வரணும், ஆனா படம் அச்சாயிட்டதால எட்டாம் நம்பர். காகிதம் எல்லாம் இனி நாங்களே அனுப்பிடுவோம், நீங்க அலைய வேண்டாம். உட்கார்ந்திருந்தா போதும். பத்து மணியிலருந்து அஞ்சே முக்கால், ஒண்ணுலருந்து ரெண்டு இடைவேளை, இடைவேளையிலயும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஜீப் வரும்போது நீங்க இல்லன்னா..."

"ஒண்ணாம் வட்டம்," என்றான் சவுரியப்பன். அது அவனுக்கு இரத்தத்தில் ஊறியிருந்தது.

மடக்கு மேசை, நாற்காலி, வரவுத் தபால் பதிவேடு, 'வட்டம் 8' என்று வெட்டிய ரப்பர் முத்திரை, மைப்பெட்டி எல்லாம் வந்து இறங்கின. பம்புக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் ஆபீஸ் போட்டாயிற்று. எதிரே ஒரு ஸ்டூலில் தீர்த்தம்மாள்.

முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் மைப்பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தான். மூன்றாம் நாள் ராயம்மாள் பன்னிரண்டரைக்குக் கூழ் கொண்டுவந்தபோது, "ஒரு மணிக்கு மேல கொண்டாம்மா" என்றான்.

"ஏண்டா, பசிக்கிறது மணி பாத்தா பசிக்குது?"

"அங்க எழுதறாங்க பாரு."

நாலாம் நாள் குடத்தோடு கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்த சென்னம்மாள் நின்று, "ஏப்பா சவுரி, எப்பதான் தண்ணி வரும்?" என்று கேட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். "என்னா ஏதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துருங்க அத்த, பதிஞ்சுக்கறன்" என்று சவுரியப்பன் வாயிலிருந்து வந்தது. சென்னம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள். அவனுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவைத் திறந்து, 'வாய்மொழி விசாரணை, ஒன்று' என்று பதிந்தான். யாரைக் குற்றம் சொல்ல? நாற்காலியில் உட்காருகிற எவனுக்கும் முதுகு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

ஈஸ்டர் வந்து போனது. ஜீப் வரவில்லை. 'இரண்டொரு நாளில்' என்று சேதி மட்டும் வந்தது. ஞானராஜ் சொன்ன கெடு முடிந்தே போனது.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை, மணி ஒன்று பத்துக்கு, ஏரியூர் ரோட்டிலிருந்து ஞானமேரி தனியாக நடந்து வந்தாள். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். முகமெல்லாம் புழுதி. மேசை, முத்திரை, ஸ்டூல் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.

சவுரியப்பன் எழுந்தான். தீர்த்தம்மாளின் கை வாட்சுக்குப் போனதைப் பார்த்து உட்கார்ந்தான்.

"மாமா, இன்னைக்கு சாயங்காலம் ரயில்வேக்காரங்க வராங்க. அப்பா சரின்னுட்டா ஞாயித்துக்கெழம ஓல. நான் அதுக்குத்தான் வந்தன். எனக்குத் தண்ணி வரலன்னாலும் பரவால்ல. ரெண்டு மைலு தான, தூக்கிக்கறன். நீங்க இப்ப என்கூட வந்து, அப்பா முன்னால நின்னு ஒரு வார்த்த கேட்டுருங்க. அவரு மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்ல மாட்டாரு. ஒன்ற மணி பஸ்சப் புடிச்சா வெளக்கு வைக்கறதுக்குள்ள போயிரலாம்."

இந்த வார்த்தைக்காகத்தானே இரண்டு மாதமாக அலைந்தான்! தண்ணீரே வேண்டாம், நீ போதும் என்று ஒருத்தி மூன்று பஸ் மாறி வந்து சொல்கிறாள். எழுந்து போக வேண்டியதுதான். மேசையின் விளிம்பைப் பிடித்தான். அப்போது அவனுக்கு மொரப்பூர் குமாஸ்தா கை துடைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நிமிஷம் சன்னலைப் பார்த்ததற்கு எத்தனை நாள் போனது! இப்போது எழுந்துபோய், அந்தப் பாழாய்ப்போன ஜீப் இன்றைக்கே வந்துவிட்டால்? நாற்பது வீட்டுக் குடமும், அம்மாவின் சாய்ந்த இடுப்பும் அவன் தலையில்.

"மேரி, ஜீப்பு இன்னைக்கு வரும்னு இருக்கறன். நான் எழுந்தா எல்லாம் ஒண்ணாம் வட்டத்துக்குப் போயிரும். நீ கொஞ்சம்... ரெண்டு மணி வரைக்கும் இடைவேள. அப்பறம் அஞ்சே முக்காலு..."

"எப்ப வருவீங்க? அத மட்டும் சொல்லுங்க. நான் போயி அப்பாகிட்ட ஒரு நாளு கேட்டு வாங்கறன்."

சவுரியப்பன் யோசித்தான். உண்மையாகத்தான் யோசித்தான், அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனமில்லை.

"நல்லபடியா நடந்தா நாளைக்கு," என்றான். "வழக்கமா நடந்தா பதினொரு நாளு..."

ஞானமேரி அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவதை அவள் கேட்கவில்லை. அவன் சட்டையில் அவள் கொடுத்த பட்டன் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்சு வந்துரும் மாமா" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தாள். புளியமரத்தின் நிழல் முடிகிற இடம்வரை அவளைப் பார்த்தான். அதற்கு மேல் பார்க்க எழுந்து நிற்க வேண்டும்.

ஜீப் அன்றைக்கு வரவில்லை. வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை டிரைவருக்குக் காது குத்து விசேஷம். சனிக்கிழமை மூன்று மணிக்கு வந்தது. ஒரு பெரிய மரப்பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து, அதற்குள் சின்னப் பெட்டி வைத்து, அதற்குள் வாசர். சவுரியப்பன் முத்திரை குத்தினான். சென்றாயன் சொன்ன சொல் தவறவில்லை. நாலரை மணிக்குக் கைப்பிடியை அடித்தார். குழாய் இருமியது, துருத்தண்ணீர் கக்கியது, பிறகு பளிச்சென்று கொட்டியது. ஊரே ஓடி வந்தது. சென்னம்மாள் இரண்டு கையாலும் ஏந்தித் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சவுரியப்பன் மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை. அஞ்சே முக்காலுக்கு மேசையை மடக்கியதும், ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஏரியூருக்கு ஓடினான். கடைசி பஸ் போயிருந்தது. பென்னாகரம்வரை நடந்து, விடிகாலை பஸ் பிடித்து, மொரப்பூர் கோயிலுக்குள் அவன் நுழைந்தபோது பூசை முடிகிற சமயம். ஞானராஜ் முன்வரிசையில் இருந்தார். அவரிடம் காட்டத்தான் பாட்டிலைக் கொண்டுவந்திருந்தான். சாமியார் ஒரு காகிதத்தைப் பிரித்து, ரயில்வே கேங்மேன் சவரிமுத்துவுக்கும் ஞானராஜ் மகள் ஞானமேரிக்கும், முதலாம் ஓலை, என்று வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார்.

பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் ஞானமேரி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். சவுரியப்பன் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆட்சேபணை இருந்தது. ஆனால் கேட்டால் என்ன சொல்வது? அவளாக வந்தாள், நான்தான் இடைவேளை என்றேன் என்றா?

திங்கட்கிழமை குப்புராஜ் பம்படிக்கு வந்து, மாலை போட்டுக்கொண்டு பேசினார். இந்தப் படம் இனி மாவட்டம் முழுக்கப் போகும் என்றார். வாசர் மாற்ற ஆன நேரம் விஞ்ஞானபூர்வமாகப் பதிவாகியிருப்பது இதுவே முதல் தடவை என்றார். பிறகு எட்டாம் வட்டத்தின் நேரக் கணக்கை மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலை எடுத்தார். தீர்த்தம்மாளின் கையெழுத்து மணிமணியாக இருந்தது. புதன்கிழமைக்கு எதிரே ஒரு வரியில் அவர் பென்சில் நின்றது.

'பிற்பகல் 1.10. ஒரு பெண் வந்து பேசிவிட்டுச் சென்றது. பதினான்கு நிமிடம்.'

"இது என்னம்மா?"

தீர்த்தம்மாள் சவுரியப்பனைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "அவருக்கு... தெரிஞ்சவங்க சார்."

"வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது. சராசரியைக் கெடுக்கும்," என்று குப்புராஜ் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். மொத்தத்தில் பதினான்கு நிமிடத்தைக் கழித்தார். தாளைச் சவுரியப்பன் பக்கம் திருப்பினார்.

"திருத்தம் செஞ்ச இடத்துல முனை முத்திரை வேணும்."

சவுரியப்பன் மைப்பெட்டியைத் திறந்தான். முத்திரையை மையில் ஒற்றி, அடித்த கோட்டின் மேல் வைத்து, அழுத்தினான். பக்கத்தில் தேதி போட்டான்.